ராசாவுக்கு ஒரு வக்கீல்

ஓடைக்கரைப்பட்டியில் கும்பிட்டபடி நின்று தொடையெலும்பை முறித்துக்கொண்ட மனிதன் சின்னக்கருப்பு ஒருவன்தான். கம்பெடுத்து விரட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசியிருந்தால்கூட மாடு மிரண்டு வாய்க்காலைத் தாண்டி ஓடியிருக்கும். ஆனால் அது கோவில் மாடு. கோவில் மாடு யார் வயலில் இறங்கினாலும் கம்பு எடுக்கக் கூடாது, அதட்டக் கூடாது. துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாட்டுக்கு எதிரே போய் நின்று, கைகூப்பி, "ராசா, போதும் ராசா, வேற பக்கம் போங்க" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மார்க்கையன்கோட்டைக்கு மேற்கே வாய்க்கால் ஓரத்து ஊர்களில் வேறெங்கும் இப்படி ஒரு கூத்து கிடையாது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை.

சின்னக்கருப்பு அப்படித்தான் கேட்டுக்கொண்டான். நாற்றங்காலில் நாற்று அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வந்து, சேறாகத் தொழி கலக்கி, விதை பாவி, மேல்காற்றுக்கும் சாரலுக்கும் தப்பி எழும்பிய நாற்று. அதன் நடுவில் நின்று ராசா மேய்ந்துகொண்டிருந்தது. அவன் துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் கூப்பி, தலையையும் தாழ்த்திக்கொண்டான். தலை குனிந்திருந்ததால் அது முட்ட வந்தது தெரியவில்லை. விழுகிற நேரத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்தான். அகப்பட்டது கொம்பு.

ஊர் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ராசாவின் கொம்பில் கை வைக்கிற உரிமை, சித்திரைத் திருவிழாவில் கயிறு பிடித்து வருகிறவருக்கு மட்டும்தான் உண்டு. மற்றவன் தொட்டால் ஊர்க்குற்றம். சின்னக்கருப்பு க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிடப்பட்டுக் கிடந்தபோது, அவன் மேல் குற்றம் சாட்டியாகிவிட்டது.

அவன் மனைவி பூமாரிக்கு இது தெரிந்தது மடையைப் பார்த்தபோதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு, தேனிக்கு வந்து பஸ் மாறி, சின்னமனூரில் இறங்கி ஊருக்கு நடந்து வந்தவள், வீட்டுக்குக்கூடப் போகாமல் வயலுக்குப் போனாள். பக்கத்து வயல்களிலெல்லாம் தண்ணீர் நின்றது. அவளுடைய நாற்றங்காலில் மட்டும் மண் வெளிறி, ஓரங்களில் வெடிப்பு விட்டிருந்தது. மடையில் கல்லை வைத்து, சாக்கைத் திணித்து, அதன் மேல் சேற்றை அப்பி அடைத்திருந்தார்கள். ஊர் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி அம்மாவாசி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏண்ணே, இது நம்ம முறைத் தண்ணிதான?"

"முறை ஒன்னுதேன் ஆத்தா. ஆனா விடக் கூடாதுன்னுட்டாக."

"யாரு?"

"கோவில் நிர்வாகிதேன். ஒம்புருசன் ராசாவோட கொம்பப் புடிச்சிட்டானாம்ல. ஈரத்துணியோட வந்து ராசா கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குற வரைக்கும் தண்ணி இல்லைன்னு சொல்லிட்டாக."

"அவருக்குக் கால ஒடச்சுத் தொங்கப் போட்டுருக்கு. எங்கிட்டு வந்து விழுக?"

"அவனுக்குப் பதிலா நீ விழுகலாமாம். அதுக்கு எடம் குடுத்திருக்காக."

அம்மாவாசி இதை ஏதோ சலுகையைச் சொல்வதுபோலச் சொன்னான். பூமாரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவனும் சின்னக்கருப்பும் ஒன்றாகத் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்தவர்கள், ஒரே தூக்குச்சட்டியில் களி தின்றவர்கள். அவள் காறி வாய்க்காலில் துப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் கார்த்திக்ராஜ் வந்தான். பூமாரியின் சித்தப்பா மகன். உத்தமபாளையம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட்டு மூன்று வருடமாகிறது. அவனுக்குக் கட்சிக்காரர்கள் அதிகம் இல்லை, பேச்சு அதிகம். மோட்டார் சைக்கிளைச் சாரலில் நனையாமல் ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே வந்து, பிளாஸ்டிக் ஸ்டூலைத் துண்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். அவள் கேப்பைக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கருவாட்டுக் குழம்பு பக்கத்து அடுப்பில் கொதித்தது. அவனுக்குப் பசி என்பது மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

"மச்சான் எப்படி இருக்காக?"

"தொங்கிட்டிருக்காரு. நீ என்ன விசயமா வந்த?"

"நாளைக்கு ஊர்க்கூட்டம்க்கா. சமுதாயக் கூடத்துல. நீ வரணும்."

"வந்து விழுகணும்."

"அதுலயே நிக்காதக்கா. விசயத்தப் புரிஞ்சுக்க." கார்த்திக்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான். கோர்ட்டில் கிடைக்காத சந்தர்ப்பம் அவனுக்கு அக்காள் வீட்டு அடுப்படியில் கிடைத்திருந்தது. "போன மாசம் வெளிநாட்டுல பெரிய பெரிய அறிஞர்கள்லாம் கூடிப் பேசிருக்காக. திமிங்கலம் இருக்குல்ல, டால்பின் இருக்குல்ல, அதுகளும் ஆளுதேன்னு அறிக்கை விட்டுருக்காக. சும்மா சொல்லல. சட்டப்படி ஆளு. அதுகளுக்கு உசுரோட வாழ உரிமை உண்டு. கூண்டுல அடைக்கக் கூடாது. வித்தை காட்ட வைக்கக் கூடாது. இது என்னோடதுன்னு யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது. இங்கிலீஸ் பேப்பர்ல படிச்சேன்."

"நீ திமிங்கலத்தப் பாத்திருக்கியா?"

"டிவில பாத்திருக்கேன்."

"கடலு?"

"ராமேஸ்வரம் போனப்ப. அதுவாக்கா முக்கியம்? அதுகளுக்கு மூள பெருசு. துக்கம் சந்தோசம் எல்லாம் நம்மள மாதிரியே. டால்பின்லாம் ஒண்ணுக்கொண்ணு பேரு வச்சுக் கூப்பிட்டுக்குமாம்."

"ஒங்க மச்சானும் பேரு சொல்லித்தேன் கூப்பிட்டாரு. ராசா ராசான்னு. கூப்பிட்டுக்கிட்டே விழுந்தாரு." பூமாரி துடுப்பைக் களியில் அழுத்திக் கிண்டினாள். "சரி, அந்த மீனுக்கும் எனக்கும் என்ன?"

"மீனு இல்லக்கா, அது பாலூட்டி. அதத்தேன் நான் நம்ம ஊர்ல எடுத்துச் சொன்னேன். அவுக இன்னைக்குச் சொல்றத நம்ம ஊர்ல எத்தன தலமுறையா செஞ்சுக்கிட்டு வாராக. ராசாவ யாரும் கட்டிப் போடுறதில்ல, ஒழவுக்குப் பூட்டுறதில்ல, யாருக்கும் சொந்தமும் இல்ல. அவுக பாட்டுக்குப் போறாக, வாராக. உலகத்துக்கே முன்னோடி நம்ம ஊரு. இத நான் கட்டுரையா எழுதப் போறேன்."

"எழுது."

"அதனாலதேன் நாளைக்கு ராசா சார்பா என்னையப் பேசச் சொல்லிருக்காக."

துடுப்பு நின்றது. பூமாரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இவனுடைய சட்டக் கல்லூரிக்குச் சின்னக்கருப்பு லோடு ஏற்றிய காசிலிருந்து கொடுத்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஆனால் அதைச் சொல்லிக்காட்டுவதற்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இவனிடம் சொல்வது வீண்.

"மாட்டுக்கு வக்கீலு நீயா?"

"மாடுன்னு சொல்லாதக்கா. வாயில்லாத ஜீவனுக்காக யாராச்சும் ஒருத்தர் நின்னு பேசணும்ல. சட்டமே அப்படித்தேன் சொல்லுது. சட்டத்துல ஆளுன்னா மனுசன் மட்டும் இல்ல. கம்பெனி ஒரு ஆளு. கோவில்ல இருக்க சாமி ஒரு ஆளு. சாமி பேர்ல சொத்து வாங்கலாம், கேசு போடலாம்."

"சாமி மேல கேசு போடலாமா?"

"போடலாம். சாமிக்காக நிர்வாகி வந்து பதில் சொல்லணும்."

பூமாரி ஒரு உருண்டைக் களியைத் தட்டில் வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். தின்னட்டும் என்றுதான் வைத்தாள். அவன் விரலை நக்கி நக்கித் தின்றான். கடைசி வாயின்போது, "பேசாம விழுந்துடுக்கா. ஒரு நிமிச வேல. நாத்து காயுதுல்ல?" என்றான்.

நாற்று காய்வது அவளுக்குத் தெரியாதா? இன்னும் நாலைந்து நாள் தண்ணீர் இல்லையென்றால் இந்தப் போகம் போய்விடும். மறுபடி விதை வாங்கிப் பாவினாலும், ஊரெல்லாம் நட்டு முடித்த பிறகு நடவுக்கு ஆள் கிடைக்காது. வருடத்துச் சோறு அந்த நாற்றில் இருந்தது. விழுவது ஒரு நிமிட வேலைதான். அவள் யார் காலிலும் விழாதவளும் இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவரின் காலில்கூட விழுந்தாள். ஆனால் புருஷனை முட்டிய மாட்டின் காலில் விழுந்துவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் தெரியவில்லை. அவன் கும்பிட்டவன். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஊர் சொல்ல வேண்டும். அவளுக்கு அது வேண்டும்.

சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஆம்பிளைகள். ஒரு நாற்காலியில் மட்டும் ஆள் இல்லை. அதில் சிவப்புத் துண்டு விரித்து, சாமந்தி மாலை ஒன்று வைத்திருந்தது. அது ராசாவின் நாற்காலி. ராசா அந்த நேரம் யாருடைய வாழைத் தோட்டத்திலோ இருந்திருக்கும். இருந்தாலும் நாற்காலி போட்டிருந்தார்கள். பூமாரி கதவோரம் நின்றாள். அவளை உட்காரச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை.

கூட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு சண்டை நடந்தது. ராசாவுக்கு யார் பெரியவர் என்கிற சண்டை. கருத்தக்கண்ணன் கோவில் நிர்வாகி, வாழைக்காய் மொத்த வியாபாரி. செல்வமணி பழைய பஞ்சாயத்துத் தலைவர். சித்திரையில் ராசாவின் கயிற்றை யார் பிடிப்பது என்பதில் இவர்களுக்குள் தாசில்தார் வரைக்கும் போன வழக்கு உண்டு. கயிறு பிடித்தவருக்குத்தான் முதல் பரிவட்டம்.

"ராசா நம்ம வீட்டுத் தொழுவத்துல பெறந்தவுக," என்றார் செல்வமணி. "எங்க அப்பாரு நேந்து விட்டது. அவுகளுக்காகப் பேசுற பாத்தியத எனக்குத்தேன்."

"நேந்து விட்டா விட்டதுதேன். அப்பறம் என்ன ஒன்னோடது? இந்த எட்டு வருசமா அவுகளுக்குப் பருத்திக்கொட்டயும் புண்ணாக்கும் வச்சது யாரு? நான் அவுகளுக்குத் தகப்பன் மாதிரி," என்றார் கருத்தக்கண்ணன்.

"நீ தகப்பன்னா நான் தாய்மாமன்."

ஐம்பது அறுபது வயதுக்காரர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மாட்டுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். பூமாரிக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இவர்களில் ஒருத்தராவது ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருப்பார்களா? மாட்டுக்குத் தகப்பன் இருக்கிறான், தாய்மாமன் இருக்கிறான். சின்னக்கருப்புக்கு ஒருத்தனும் இல்லை.

கடைசியில் இரண்டு பேர் சார்பாகவும் கார்த்திக்ராஜ் பேசலாம் என்று முடிவானது. அவன் எழுந்து கடலிலிருந்து ஆரம்பித்தான். திமிங்கலத்தின் நீளத்தைச் சொன்னான். டால்பின் மற்ற டால்பினைத் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றும் என்று சொன்னான். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. உலகம் இன்றைக்குச் சொல்வதை ஓடைக்கரைப்பட்டி அன்றைக்கே சொன்னது என்றதும் கை தட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தான்.

"ராசாவும் ஒரு ஆளுதேன். அவுக ஒடம்பு அவுகளோடது. அவுக சம்மதம் இல்லாம அவுக கொம்பு மேல ஒருத்தரு கை வச்சிருக்காரு. நெருங்குன சொந்தம்தேன், நான் இல்லைங்கல. ஆனா நியாயம்னு வந்தா எனக்கு அக்கா இல்ல, மச்சான் இல்ல."

"அப்படிச் சொல்லு!" என்றார் கருத்தக்கண்ணன். "ஏ பூமாரி, கேட்டில்ல? நீ என்ன சொல்ற?"

பூமாரி ஓரடி முன்னால் வந்தாள்.

"மாமா, எனக்கு ஒரே ஒரு விசயம் வெளங்கல. ராசா ஆளா, மாடா?"

"ஆளுதேன். இப்பத்தான இம்புட்டு நேரம் வக்கீலு சொன்னாப்ல."

"எல்லாரும் அதத்தேன் சொல்றீகளா? செல்வமணியண்ணே, நீங்களும்?"

"எத்தன தடவ கேப்ப? ஆளுதேன்."

"ஆளு ஒருத்தரு அடுத்தவன் வயல்ல எறங்கி நாத்தத் தின்னுட்டு, கையெடுத்துக் கும்பிட்டவனக் காலொடச்சா, ஊர்ல என்ன தண்டன?"

கூட்டம் இரைந்தது. "ஏய், என்ன பேச்சுப் பேசுற", "தெய்வக் குத்தம்" என்று நாலு பக்கமும் சத்தம். கார்த்திக்ராஜ் இரண்டு கையையும் உயர்த்தி அடக்கினான். அவனுக்குச் சந்தோஷம். கேள்வி அவனுக்குத் தெரிந்த பாடத்திலிருந்து வந்திருந்தது.

"அக்கா, உரிம இருக்கவுக எல்லாருக்கும் கடம இருக்கணும்னு சட்டத்துல இல்ல. கைப்பிள்ளைக்கு உரிம உண்டு. ஆனா கைப்பிள்ளயக் குத்தம் சொல்ல முடியாது. திமிங்கலமும் அப்படித்தேன். ராசாவும் அப்படித்தேன்."

"அப்ப ராசா கைப்பிள்ள."

"சட்டப்படி."

"கைப்பிள்ள அடுத்த வீட்டு வைக்கப் படப்புல தீய வச்சிருச்சு. நீங்க யாரக் கேப்பீக?"

பின் வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவர், யோசிக்காமல், "பெத்தவனத்தேன் கேப்போம், வேற யாரக் கேக்க?" என்றார். சொன்ன பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்து மெல்லுவதை நிறுத்தினார்.

"அதுதேன் சரி," என்றாள் பூமாரி. "பிள்ளையக் கேக்கல. தகப்பன் இங்கன இருக்காரு. தாய்மாமனும் இருக்காரு. எனக்குக் காசு வேணாம். அவரு எந்திரிச்சு நடக்குற வரைக்கும் என் வயலுக்கு ஒழவு ஓட்டி, நட்டு, களையெடுத்து, அறுத்துக் குடுக்கணும். ஆள் விட்டுச் செய்யாதீக. அந்தத் தகப்பனே தொழியில எறங்கிச் செய்யணும். யாருன்னு சொல்லுங்க, நாளைக்கே வரப்புல வந்து நிக்கிறேன்."

கருத்தக்கண்ணன் தன் வெள்ளை வேட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அது அவரையறியாமல் நடந்தது.

"ஏத்தா, நான் கோவிலுக்குத்தேன் நிர்வாகி. மாட்டுக்கு நிர்வாகியா? புண்ணாக்கு வச்சா தகப்பனா? தெருவுல போற நாய்க்குக்கூடத்தேன் சோறு வைக்கிறோம். பெறந்தது செல்வமணி தொழுவத்துல, அவரக் கேளு."

"யோவ், நேந்து விட்ட அன்னைக்கே கை கழுவியாச்சு," என்று செல்வமணி எழுந்தார். "இப்பத்தான நீயே சொன்ன, விட்டா விட்டதுதேன்னு. கயிறு புடிக்கிறது ஒரு மரியாத. அதுக்காக அது செய்யிற சில்லறத்தனத்துக்கெல்லாம் நான் பொறுப்பா?"

'அவுக' என்று ஆரம்பித்த கூட்டம் அதற்குள் 'அது'வுக்கு வந்துவிட்டிருந்தது. பூமாரி கார்த்திக்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ஒன்னைய யாரு வக்கீலா வச்சது?"

அவன் கருத்தக்கண்ணனைப் பார்த்தான். அவர் விட்டத்தைப் பார்த்தார். செல்வமணியைப் பார்த்தான். அவர் கைப்பேசியை எடுத்து, வராத அழைப்புக்குக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"சாமிக்காக நிர்வாகி வந்து பதில் சொல்லணும்னு நீதான சொன்ன? வரலையே. பதில் சொல்ல ஆள் இல்லைன்னா பிராது குடுக்கவும் ஆள் இல்ல."

சொல்லிவிட்டு அவள் நடந்துபோய், சாமந்தி மாலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ராசாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வாரம் ஆஸ்பத்திரித் தரையில் படுத்த இடுப்பு வலி அவளுக்கு. யாரும் தடுக்கவில்லை. தடுக்கிறவனிடம் நீ ராசாவுக்கு யார் என்று கேட்டுவிடுவாளே என்கிற பயம்.

"அம்மாவாசியண்ணே, மடையத் தொறந்து விடுங்க. நாத்துக் காயுது."

அம்மாவாசி யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

தண்ணீர் வந்தது. பாதி நாற்று பிழைத்தது. நடவுக்கு ஊரில் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து, ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வந்த நடவுக்காரிகளோடு அவளும் இறங்கிப் பாதி வயலை நட்டாள். மீதி தரிசாகக் கிடந்தது. சின்னக்கருப்புவின் மேல் தப்பில்லை என்று மட்டும் ஊர் கடைசிவரை சொல்லவில்லை.

ஆனால் ராசாவின் நிலைமைதான் மோசமானது. ஒருத்தி கேட்ட கேள்வியை ஊரே பிடித்துக்கொண்டது. ராசா வாழையைச் சாய்த்தால், தோட்டக்காரன் நேரே கருத்தக்கண்ணன் வீட்டுக்குப் போய், "நீங்கதான அதுக்குத் தகப்பன்?" என்று கேட்டான். அவர் செல்வமணி வீட்டுக்கு அனுப்பினார். செல்வமணி திருப்பி அனுப்பினார். இரண்டு வீட்டிலும் பதில் கிடைக்காதவன் கம்பை எடுத்தான். ஒருத்தன் எடுத்ததும் எல்லோரும் எடுத்தார்கள். புண்ணாக்குத் தொட்டி காய்ந்தது. முதுகில் தழும்போடு அந்த மாடு வாய்க்கால் கரையில் நிற்பதைப் பூமாரி வயலுக்குப் போகையில் பார்ப்பாள். அவளுக்கு அதன்மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். எரிச்சல்தான் வந்தது. தன் புருஷனை முட்டிய கொம்பு அது. ஆனால் நேற்றுவரை அதன் மூத்திரத்தைத் தலையில் தெளித்துக்கொண்டவர்கள் இன்றைக்கு அதைப் பிரம்பால் அடிப்பதைப் பார்க்கும்போது, அந்த எரிச்சல் அவர்கள் பக்கம் திரும்பிவிடும்.

கருத்தக்கண்ணனும் செல்வமணியும் பத்து வருடத்தில் முதன்முறையாக ஒரு விஷயத்தில் ஒற்றுமையானார்கள். மாட்டைக் கேரளாவுக்கு ஏற்றிவிடுவது. கேரளாவுக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. குமுளி மலையில் ஏறுகிற மாட்டு லாரி எதற்குப் போகிறது என்று கம்பம் பள்ளத்தாக்கில் தெரியாதவர் கிடையாது. ஊருக்குள் மட்டும், வேறொரு கோவிலுக்கு நேர்ந்து விடுகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

சின்னக்கருப்புவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று மத்தியானம், ஆட்டோ நெல் களத்தைத் தாண்டும்போது வழியை மறித்து லாரி நின்றது. பக்கத்தில் மின்கம்பத்தில் புதுக் கயிற்றில் ராசா கட்டிக் கிடந்தது. அம்மாவாசி தவிட்டைக் காட்டிக் கழுத்தில் கயிற்றைப் போட்டிருந்தான். சுற்றி ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். கம்பம் ஊரிலிருந்து வந்த மாட்டுத் தரகர் பொன்னுராஜ் கோபமாக இருந்தார்.

"எம்புட்டு நேரமா நிக்கிறது? மாட்டுக்காரரு யாரு? வந்து கயித்த அவுத்து என் கையில குடுங்க. நானா அவுத்தா அது களவு. எங்க தொழில்ல கயிறு கை மாறாம மாடு வண்டியில ஏறாது."

கருத்தக்கண்ணன் செல்வமணியைப் பார்த்தார். "நீங்க குடுங்க. ஒங்க வீட்ல பெறந்ததுதான."

"நீங்கதான நிர்வாகி, நீங்க குடுங்க."

"சும்மா அவுத்து ஏத்துங்கய்யா. அநாத மாடு. யாருக்கும் சொந்தமில்ல," என்றார் கருத்தக்கண்ணன்.

தாசில்தார் வரைக்கும் போய்ச் சண்டை போட்ட அந்தக் கயிற்றின் பக்கத்தில் இன்றைக்கு ஒருத்தன் கை நீளவில்லை. தொட்டவன் சொந்தக்காரனாகிவிடுவான். சொந்தக்காரனானால் சின்னக்கருப்புவின் காலுக்கும் ஊரில் சாய்ந்த அத்தனை வாழைக்கும் அவன் பொறுப்பு. கார்த்திக்ராஜும் அங்கேதான் நின்றான். கட்டுரை வெளிவந்துவிட்டதா என்று கேட்க வேண்டும்போல இருந்தது பூமாரிக்கு. கேட்கவில்லை. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"ஏ புள்ள, எங்க போற? நமக்கு வேணாம்," என்றான் சின்னக்கருப்பு உள்ளேயிருந்து. மாட்டைப் பார்த்ததும் அவன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அவள் நேரே மின்கம்பத்துக்குப் போனாள். கூட்டம் விலகியது. முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

பொன்னுராஜ் கையை நீட்டினார். "ஒங்க மாடா தாயி? குடுங்க."

"குடுக்க மாட்டேன். நீங்க போங்கண்ணே. இது என் புருசனக் குத்துன மாடு. வழக்கு இன்னும் முடியல. முடியிற வரைக்கும் இது ஊரவிட்டுப் போகக் கூடாது."

"ஏ கிறுக்கி," என்று கருத்தக்கண்ணன் பாய்ந்து வந்தார். "ஒம்புருசன நொண்டியாக்குன மாடு. இத வண்டியில ஏத்திவிட்டா ஒனக்குத்தான நிம்மதி? பகையாளியக் கொண்டுபோயி வீட்ல கட்டிச் சோறு போடப் போறியா?"

"ஆமா."

"ஏன்?"

பூமாரி அவரைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற செல்வமணியைப் பார்த்தாள், தன் தம்பியையும் ஒரு தடவை பார்த்தாள்.

"குத்துனது நான் இல்லைன்னு இது சொல்லல மாமா," என்றாள். "இந்த ஊர்ல செஞ்சத இல்லைன்னு சொல்லாம நிக்கிறது இது ஒண்ணுதேன்."

கயிற்றை இழுத்தாள். மாடு முதலில் முரண்டு பிடித்தது, பிறகு நடந்தது. பின்னால் ஆட்டோ மெதுவாக வந்தது.